ஹோர்முஸும் செம்பனை உரமும்

"ஈரான் ஹோர்முஸ் நீரிணையை மூடிடுமா?" மலேசியாவின் சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். நிரந்தரமாக மூடவே வேண்டாம், மிரட்டல் போதும்.

வளைகுடாவின் வாசலான அந்த நீரிணையின் குறுகிய இடம் சுமார் 33 கிலோமீட்டர். கப்பல் பாதையோ போக ஒன்று, வர ஒன்று, தலா 2 கடல்மைல் அகலம்தான். 2024-ல் நாளுக்குச் சுமார் 2 கோடி பீப்பாய் எண்ணெய் அதன் வழியே போனது. கண்ணிவெடி இருக்குமோ என்ற சந்தேகத்துக்கே காப்புறுதிக் கட்டணம் எகிறும். நீரிணையைத் தவிர்த்துப் போகும் சவூதி, அமீரக எண்ணெய்க் குழாய்கள் முழு அளவைத் தாங்காது. கத்தார் எரிவாயுவுக்கு அந்த வழியும் இல்லை.

1980-88 ஈராக் போருக்குப் பின் ஈரான் எடுத்த முடிவு, சண்டையை எல்லைக்கு வெளியே வைப்பது. லெபனானின் ஆயுதக் குழுவான ஹிஸ்புல்லாவை வளர்த்ததும் அதற்கே. 2024 டிசம்பரில் சிரியாவில் அசாத் விழ, ஈரானிலிருந்து லெபனானுக்கான தரைவழி அறுந்தது. 2025 ஜூனில் இஸ்ரேலின் அடி தெஹ்ரானிலேயே விழுந்தது. அந்த வியூகம் தோற்றது என்றே சொல்வேன். மிச்சமிருக்கும் பெரிய சீட்டு கடல்தான். ஆனால் ஈரானின் எண்ணெய் ஏற்றுமதித் தளமான கார்க் தீவிலிருந்து சீனாவுக்குப் போகும் அவர்கள் எண்ணெயும் அதே வழிதான்!

இங்கே டீசலைவிட யூரியா உரத்தைக் கவனியுங்கள். வளைகுடா யூரியாவும் அவ்வழியே வெளியேறுகிறது. மூட்டை விலை ஏறினால் செம்பனைச் சிறு தோட்டக்காரர் ஒரு சுற்று உரத்தை விட்டுவிடுவார். குலை குறைவது உடனே தெரியாது. பல மாதம் கழித்துத்தான் லோரி எடையில் தெரியும்.