கேரவன் ஷாக் உடைந்தால் முதலில் உடைந்த இடத்தைப் பாருங்கள்

காரின் பின்னால் இழுத்துச் செல்லும் கேரவனில், குலுக்கத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர் (ஷாக்) உடைந்தால், அதே நீளத்தில் புதிதொன்றை மாட்டிவிட்டுக் கிளம்புவதுதான் வழக்கம். உடைத்த காரணம் அடியிலேயே இருப்பதால் புதியதும் அதே இடத்தில் உடையும். பழைய ஷாக்கைத் தூக்கி எறிய அவசரப்படாதீர்கள்.

நடுவழியில் உடைந்தாலும் பதற வேண்டியதில்லை. வண்டியின் எடையைச் சுமப்பது கமான் பட்டை அல்லது ரப்பர் டார்ஷன் ஆக்சில்தான் (குழாய்க்குள் இருக்கும் ரப்பர் முறுகித் தாங்கும் அச்சு), ஷாக் அல்ல. வேகத்தைக் குறைத்து, பள்ளம் பார்த்து ஓட்டினால் பட்டறை வரை போய்விடலாம். உண்மையான ஆபத்து தொங்கும் முனைதான். பிரேக் வயரை அறுக்கும், டயரைக் கிழிக்கும். கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள். முடியாவிட்டால் மேல்பாதியைச் சேசிஸோடும் கீழ்பாதியை ஆக்சிலோடும் தனித்தனியாகக் கம்பியால் கட்டுங்கள். இரண்டையும் சேர்த்துக் கட்டினால் அடுத்த பள்ளத்திலேயே கம்பி அறுந்துவிடும்.

இனி உடைந்த இடம். தண்டு பிய்ந்து வெளியே வந்திருந்தாலோ, ஷாக் முனையில் போல்ட் நுழையும் வளையமான கண்ணின் வெல்டிங் விட்டிருந்தாலோ, ஷாக்கின் நீளம் போதவில்லை. சக்கரம் கீழே இறங்கும்போதெல்லாம் ஷாக்தான் ஆக்சிலைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. தண்டு வளைந்து, மேல் பிராக்கெட்டில் விரிசல் இருந்தால் கதை நேர்மாறு: முழுக்க அமுங்கி அடி வாங்கியிருக்கிறது. ஷாக் நீளம் கூடியிருக்கலாம், பட்டை தொய்ந்திருக்கலாம், சாமான் அதிகமாகியிருக்கலாம். எடை மேடையில் ஒருமுறை ஏற்றிப் பார்த்தால் கடைசி சந்தேகம் தீரும். போல்ட் துளை முட்டை வடிவமாகியிருந்தால் நட்டு தளர்ந்தே ஓடியிருக்கிறது. தண்டின் கழுத்தில் லேசான எண்ணெய்ப் பிசுபிசுப்பு சகஜம். உடல் முழுக்க வழிந்து புழுதி அப்பியிருந்தால் சீல் போய்விட்டது.

புதியதை வாங்குமுன் அளவெடுங்கள். வழக்கமான சுமையோடு சமதரையில் நிறுத்தி, மேல் போல்ட்டின் மையத்திலிருந்து கீழ் போல்ட்டின் மையம் வரை ஷாக்கின் சாய்வுக் கோட்டிலேயே அளக்க வேண்டும். அது 330 மி.மீ. என்று வையுங்கள். அதே கோட்டில், சக்கரம் மேலேறுவதை நிறுத்தும் கட்டையான பம்ப் ஸ்டாப் தொடும்வரை 70, சக்கரம் தொங்கும்போது 60 மி.மீ. நகர்வு என்றால், அமுங்கிய நிலையில் 245-க்கு மிகாமலும் விரிந்த நிலையில் 405-க்குக் குறையாமலும் உள்ள ஷாக் வேண்டும். இரு பக்கமும் 15 மி.மீ. மிச்சம் வைத்த கணக்கு இது. கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் உருளையான புஷ்ஷின் உள்விட்டத்தையும் அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சாய்வையும் பாருங்கள். செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்தால் ஷாக்கின் பலனில் கால்பங்கு போகும். 45 டிகிரியில் பாதி போய்விடும். 'ஹெவி டூட்டி' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி ஜீப்புக்கான முரட்டு ஷாக்கை மாட்டுவது வீண் வேலை. விரிவதில் அது மிகவும் இறுக்கமாக இருந்தால், அடுத்தடுத்த குழிகளில் சக்கரம் கீழே இறங்குவதற்குள் அடுத்த அடி விழுந்துவிடும்.

மாட்டும்போது ஒரு ஆக்சிலுக்கு இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். துருப்பிடித்த நட்டுகளுக்கு முந்தைய நாளே துரு நீக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். காஸ் நிரப்பிய ஷாக்கில் நெருப்பு காட்டவே கூடாது. கார் கொக்கியிலிருந்து கழற்றாமல், மறுபக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, தயாரிப்பாளர் குறித்த இடத்தில் ஜாக்கி வைத்து, சேசிஸுக்கு ஸ்டாண்ட் கொடுத்த பிறகே அடியில் போங்கள். டார்ஷன் ஆக்சிலின் நடுக்குழாயில் ஜாக்கி வைத்தால் குழாய் வளையும். போல்ட் 8.8 தரத்துக்கு (தலையில் பொறித்திருக்கும் வலிமை எண்) குறையக் கூடாது. நைலான் பூட்டு நட்டு புதிதாகவே இருக்கட்டும்.

பெரும்பாலோர் கோட்டைவிடுவது இதில்தான்: சக்கரம் தொங்கும்போதே புஷ் போல்ட்டை முறுக்கிவிடுவது. வண்டியை இறக்கியதும் ரப்பர் திருகிய நிலையிலேயே நிற்கும், சீக்கிரமே கிழியும். தொங்கும்போது கையிறுக்கம் மட்டும். முழு எடையும் சக்கரத்தில் இறங்கிய பிறகு முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள்.

பிராக்கெட்டே கிழிந்திருந்தால், துத்தநாகம் பூசிய சேசிஸில் எடுத்த எடுப்பில் வெல்டிங் வேண்டாம். புகை நஞ்சு, சில சேசிஸ்களில் வெல்டிங்கும் துளையிடலும் தயாரிப்பாளரே தடுத்தவை.

50 கி.மீ. ஓடியதும் ஷாக் போல்ட்டையும் சக்கர நட்டையும் மறுபடி முறுக்குங்கள். கரடான சாலையில் ஓடி நின்றவுடன், பிரேக் டிரம்மில் கை படாமல் ஒவ்வொரு ஷாக்கையும் தொட்டுப் பாருங்கள். வேலை செய்யும் ஷாக் சூடாகும்; ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது சும்மா மாட்டிக்கொண்டிருக்கிறது.