ஈசாக்கின் கல்லறையிலிருந்து யாக்கோபின் கல்லறைக்கு

எருசலேம் புனிதப் பயணத்துக்குப் பெயர் கொடுத்தபோது நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: எபிரோனுக்கு அழைத்துப் போவீர்களா? பெத்லகேம், நாசரேத், கலிலேயாக் கடல், யோர்தான் நதி எல்லாம் பட்டியலில் இருந்தன. எபிரோன் இல்லை. அங்கே சோதனைச் சாவடிகள் அதிகம், ஊர் எப்போது பதற்றமாகும் என்று சொல்ல முடியாது என்றார்கள். ஆனாலும் கர்த்தர் வழி திறந்தார். 2019 பிப்ரவரியில் பெத்லகேமில் எங்களுக்கு ஒரு நாள் ஓய்வு கிடைத்தது. விருப்பமுள்ளவர்கள் ஒன்பது பேர் சேர்ந்து வேன் பிடித்தோம்.

எபிரோன் எருசலேமுக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலே இருப்பதால் காலைக் குளிர் எலும்பைத் தொட்டது. சாலையின் இருபுறமும் திராட்சைத் தோட்டங்கள். மாசி மாதக் குளிரில் இலை ஒன்றுகூட இல்லாமல், முறுக்கிய கறுப்புக் கட்டைகளாக நின்றன. மோசே அனுப்பிய வேவுகாரர்கள் ஒரு குலையைத் தடியில் கட்டி இரண்டு பேராய்ச் சுமந்து வந்தது இந்தப் பக்கத்திலிருந்துதான். வழியில் வழிகாட்டி இடப்புற மலைகளைக் காட்டி, "அந்தப் பக்கம் சயீர் என்று ஒரு கிராமம். ஏசாவின் கல்லறை அங்கே இருப்பதாக ஊரார் சொல்வார்கள்" என்றார். மற்றவர்கள் படம் எடுத்தார்கள். நான் அந்த மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எபிரோனில் இருக்கும் மக்பேலாவை எல்லாருக்கும் தெரியும். ஆபிரகாம் தன் மனைவி சாராளை அடக்கம் செய்ய, ஏத்தியனாகிய எப்பெரோனிடம் 400 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்கிய நிலமும் குகையும். "சும்மா எடுத்துக்கொள்ளும்" என்று எப்பெரோன் சொல்லியும், ஊரார் முன்னிலையில் முழு விலையைக் கொடுத்தே வாங்கினார். அந்தக் குடும்பத்தில் ஒளிவுமறைவில்லாமல் நடந்த கடைசிச் சொத்துப் பரிமாற்றம் அதுதானோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும். பேரன்களின் காலத்தில் மூத்தவன் ஏசாவின் சேஷ்டபுத்திரபாகம், அதாவது மூத்த மகனுக்குரிய உரிமை, ஒரு கிண்ணம் பயற்றங்கூழுக்குத் தம்பி யாக்கோபிடம் போனது. பார்வை மங்கிய தகப்பன் ஈசாக்கு ஏசாவுக்கென்று வைத்திருந்த ஆசீர்வாதம், யாக்கோபு கையில் போர்த்திக்கொண்ட ஆட்டுத் தோலுக்குப் போனது.

குகைக்கு மேலே நிற்கும் சுற்றுமதில் ஏரோது காலத்தது, ஏறக்குறைய 2000 ஆண்டு பழையது. ஒவ்வொரு கல்லின் விளிம்பையும் ஒரு விரலளவுக்கு மெல்லச் செதுக்கி இழைத்திருக்கிறார்கள். கையால் தடவினால் அந்த விளிம்பு தெளிவாகத் தட்டுப்படுகிறது. உள்ளே பாதி மசூதி, பாதி யூத ஜெபஆலயம். 1994-ல் இங்கே தொழுதுகொண்டிருந்த 29 இஸ்லாமியர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு இப்படிக் கண்டிப்பாகப் பிரித்துவிட்டார்கள். அதற்கு முன், 1929-ல், இதே ஊரில் 67 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். ஆபிரகாமை ஈசாக்கும் இஸ்மவேலும் சேர்ந்து அடக்கம் செய்தார்கள் என்று ஆதியாகமம் 25-ல் வாசிக்கிறோம். அந்த இடத்தில் துப்பாக்கி ஏந்தியவர்களைத் தாண்டி நடப்பது நெஞ்சை அடைத்தது.

மசூதிப் பக்கம் முதலில் போனோம். செருப்பைக் கழற்றி வைத்தோம். பெண்களுக்குத் தலையோடு சேர்த்து மூடும் அங்கி கொடுத்தார்கள். பெரிய மண்டபத்துக்குள் நுழைந்ததும் இரண்டு சிறிய வீடுகள் போலக் கல்லறைச் சின்னங்கள், சிவப்பும் வெள்ளையுமான கல் வரிசைகளோடு எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று ஈசாக்குக்கு, மற்றது அவர் மனைவி ரெபெக்காளுக்கு. உண்மையான குகை தரைக்குக் கீழே இருக்கிறது, அங்கே யாரும் இறங்க முடியாது. தரையில் ஒரு சிறு துவாரம் மட்டும் உண்டு. அதன்மேல் தூண்கள் தாங்கிய சிறு விதானம்.

ஈசாக்கின் சின்னத்தின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு ஆதியாகமம் 27-ஐத் திறந்தேன். வாசிக்க முடியவில்லை. மனப்பாடமாகத் தெரிந்த அதிகாரம்தான். அதை இங்கே நிற்கும் ஒருவன் எதற்காகத் தேடி வந்தான் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா பள்ளி ஆசிரியர். கடைசிக் காலத்தில் கண் அழுத்த நோயால் பார்வை போய்விட்டது. 2008-ல் எங்கள் பூர்வீக வீட்டை என் பெயருக்குத் தான செட்டில்மெண்டாக எழுதி வாங்கினேன். அண்ணன் அப்போது மும்பையில் வேலையில் இருந்தார். சார்பதிவாளர் அலுவலகப் படியில் அப்பாவின் கையைப் பிடித்து ஏற்றினேன். "பெரியவனிடம் சொல்லிவிட்டாயா?" என்று கேட்டார். "சொல்லிவிட்டேன் அப்பா. அண்ணனுக்குச் சம்மதம்தான்" என்றேன். சொல்லவே இல்லை. அவருடைய இடது பெருவிரலை மைப்பட்டையில் அழுத்தியது என் கை. பிறகு அந்த விரலைத் தேங்காய் எண்ணெய் தொட்டு நான்தான் துடைத்துவிட்டேன். அப்போது அவர், "உன் கை ஏன் இப்படிக் குளிர்ந்திருக்கிறது?" என்று கேட்டார்.

ஈசாக்கும் தடவித்தான் பார்த்தார். "சத்தம் யாக்கோபின் சத்தம், கைகளோ ஏசாவின் கைகள்." காது உண்மையைச் சொல்லியிருக்கிறது. கை, நாக்கு, மூக்கு மூன்றும் பொய்யை ஒப்புக்கொண்டன. "நீ என் குமாரனாகிய ஏசாதானோ" என்று இன்னொரு முறை கேட்கிறார். அந்தக் கேள்வியில், மகன் தப்பித்துக்கொள்ள ஒரு வாசலைத் திறந்து வைக்கிறார் என்றே நான் படிக்கிறேன். "நான்தான்" என்கிறான். இவ்வளவு சீக்கிரம் வேட்டை எப்படி அகப்பட்டது என்று கேட்டதற்கு, உம்முடைய தேவனாகிய கர்த்தர் எனக்கு நேரிடப்பண்ணினார் என்று கர்த்தரையும் பொய்க்குச் சாட்சியாக இழுத்துவிட்டான். அதை வாசிக்கும்போது எப்போதும் எனக்கு வயிறு கலங்கும்.

ரெபெக்காளின் பக்கம் சிறிது நேரம்தான் நின்றேன். "சில நாள்" போயிரு என்று மகன் யாக்கோபை, ஏசாவின் கோபத்துக்குத் தப்ப, ஆரானுக்கு அனுப்பினாள். சில நாள் 20 ஆண்டு ஆனது. அவர்கள் மறுபடி சந்தித்ததாக வேதத்தில் ஒரு வரி இல்லை.

யாக்கோபின் கல்லறை அடுத்த பக்கம்தான் இருக்கிறது. ஆனால் அப்படியே நடந்து போய்விட முடியாது. வெளியே வந்து, செருப்பை மாட்டி, மதிலைச் சுற்றி நடந்து, வேறொரு வாசலில் பையைத் திறந்து காட்டி, மறுபடி உள்ளே போக வேண்டும். தகப்பனுக்கும் மகனுக்கும் நடுவே அந்த நடை. என்னோடு வந்த மூதாட்டி ஒருவர் மூச்சு வாங்கி, "இவ்வளவு தூரமா ஐயா?" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பேச வரவில்லை.

யூதப் பக்கத்தில் யாக்கோபின் சின்னமும் லேயாளின் சின்னமும் இருக்கின்றன. ராகேல் இங்கே இல்லை. அவள் எப்பிராத்தா வழியில் பிரசவத்தில் இறந்து அங்கேயே அடக்கமானாள். 14 ஆண்டு உழைத்து அடைந்த ராகேல் வழியோரத்தில் கிடக்க, ஏமாற்றி அனுப்பப்பட்ட லேயாள் யாக்கோபின் அருகே இருக்கிறாள்.

லேயாளைப் பற்றி நம் பிரசங்கங்களில் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் ஆதங்கம். "கூச்சப்பார்வை" என்ற ஒரு சொல்லோடு அவளை விட்டுவிடுகிறோம். மாமன் லாபான், இளையவள் ராகேலுக்குப் பதிலாக, இருட்டில் மூத்த மகள் லேயாளைக் கொண்டுபோய் விடுகிறான். காலையில் யாக்கோபு, ஏன் எனக்கு வஞ்சகம் பண்ணினீர் என்று மாமனிடம் கொதிக்கிறான். லாபான் சொன்ன பதில் அம்பு போன்றது: மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுப்பது இவ்விடத்து வழக்கமல்ல. மூத்தவனுக்கு உரியதை இளையவன் பறித்துக்கொண்டு ஓடிவந்த கதை லாபானுக்குத் தெரியுமோ தெரியாதோ, யாக்கோபின் முகத்தில் அந்த வார்த்தை அறைந்திருக்கும். ஆனால் அந்தக் காலையில் அந்தக் கூடாரத்துக்குள் லேயாள் என்ன செய்துகொண்டிருந்தாள்? அவளிடம் யாரும் எதுவும் கேட்டதாக வேதம் சொல்லவில்லை. பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் வைக்கும்போதுதான் அவள் மனம் வெளியே வருகிறது: இப்பொழுது என் புருஷன் என்னை நேசிப்பார், இப்பொழுது என்னோடே சேர்ந்திருப்பார்.

எகிப்தில் 147 வயதில் சாகும்போது யாக்கோபு இந்தக் குகையை நினைவுகூர்ந்து, யார் யார் அங்கே இருக்கிறார்கள் என்று எண்ணிச் சொல்கிறார். ஆபிரகாம், சாராள், ஈசாக்கு, ரெபெக்காள் என்று சொல்லி, "அங்கே லேயாளையும் அடக்கம்பண்ணினேன்" என்கிறார். தான் அடக்கம் செய்ததாக அந்த இடத்தில் அவர் சொல்வது லேயாளை மட்டும்தான். அவள் சின்னத்தின் முன் நின்று அந்த வசனத்தை மூன்று முறை வாசித்தேன்.

இந்தக் குகையைப் பற்றி யூத மரபில் ஒரு கதை உண்டு. யாக்கோபை அடக்கம் செய்ய வந்தபோது ஏசா வழிமறித்தானாம், கைகலப்பில் அவன் தலை வெட்டுண்டு, குகைக்குள் உருண்டு போய், தகப்பன் ஈசாக்கின் மார்பில் நின்றதாம். வேதத்தில் இல்லாத கதை. ஆனால் "என் தகப்பனே, என்னையும் ஆசீர்வதியும்" என்று அலறிய பிள்ளையை எப்படியாவது தகப்பனிடம் கொண்டு சேர்க்க வேண்டும் என்று யாரோ ஒருவர் மனம் பொறுக்காமல் சொன்ன கதையாகத்தான் என் காதில் அது விழுந்தது.

எங்கள் அப்பா 2010-ல் இறந்தார். கல்லறைத் தோட்டத்தில் அண்ணன் குழியின் ஒரு பக்கம் நின்றார், நான் மறுபக்கம் நின்றேன். பத்திர விஷயம் அவருக்கு அதற்குள் தெரிந்துவிட்டிருந்தது. ஒரு வார்த்தையும் பேசவில்லை. பிடி மண் போட்டுவிட்டு அப்படியே போய்விட்டார்.

திரும்பும் வேனில் ஆதியாகமம் 33-ஐ வாசித்தேன். ஏசா 400 பேரோடு வருகிறான். யாக்கோபு ஏழுதரம் தரைமட்டும் குனிகிறான். ஏசா ஓடிவந்து கட்டிக்கொள்கிறான், இருவரும் அழுகிறார்கள். நம் தமிழ் வேதாகமத்தில் யாக்கோபு அண்ணனிடம் "என் காணிக்கையை" ஏற்றுக்கொள்ளும் என்கிறான். எபிரெய மூலத்தில் அங்கே இருப்பது ஆசீர்வாதம் என்ற சொல். வெள்ளாடும் செம்மறியும் ஒட்டகமும் மாடும் கழுதையுமாக 500-க்கும் மேற்பட்ட உயிர்களை ஓட்டிவந்து, என் ஆசீர்வாதத்தை எடுத்துக்கொள்ளும் என்று அண்ணனிடம் கெஞ்சுகிறான். எதைத் திருடினானோ அதே பெயரைச் சொல்லித் திருப்பிக் கொடுக்கிறான். கண்ணீரோடு மட்டும் அவன் வரவில்லை.

அதற்கு அடுத்த வசனங்களை நான் அதுவரை கவனித்ததில்லை. சேர்ந்து போவோம் வா என்கிறான் ஏசா. நீர் முன்னே போம், பிள்ளைகளும் மந்தையும் நடக்கிற நடைக்குத் தக்கதாக நான் மெதுவாய்ச் சேயீருக்கு வருகிறேன் என்கிறான் யாக்கோபு. ஏசா சேயீருக்குப் போகிறான். யாக்கோபோ சுக்கோத்துக்குப் போய் வீடு கட்டிவிடுகிறான். கட்டிப்பிடித்து அழுத பிறகும் அவர்களால் ஒரே வழியில் நடக்க முடியவில்லை. ஆனால் ஈசாக்கு 180 வயதில் இறந்தபோது, "ஏசாவும் யாக்கோபும்" அவரை அடக்கம் செய்தார்கள் என்று எழுதியிருக்கிறது. மூத்தவன் பெயர் முதலில்.

ஊருக்கு வந்த மூன்றாம் வாரம் வீட்டின் சரிபாதியை அண்ணன் பெயருக்கு எழுதிக் கொடுத்தேன். அண்ணி பேசிச் சம்மதிக்க வைத்து அண்ணனை அனுப்பி வைத்தார். அதே அலுவலகம், அதே படி. இப்போது மைப்பட்டை இல்லை, சிறு கண்ணாடிக் கருவியில் விரல் வைத்தால் போதும். பெருவிரலை வைத்தபோது அப்பாவின் விரல்தான் கண்ணில் வந்தது. எழுத்தர், "இவர் உங்களுக்கு என்ன முறை?" என்று அண்ணனிடம் கேட்டார். சற்று நேரம் கழித்து, "தம்பி" என்றார்.

வெளியே வந்ததும், "அப்பாவிடம் உனக்குச் சம்மதம் என்று பொய் சொன்னேன், அண்ணா" என்றேன். பத்திரத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டே கேட்டார். எதுவும் சொல்லவில்லை. வீட்டில் சாப்பாடு தயாராக இருக்கிறது, வா என்று அழைத்தேன்.

"நீ முன்னால் போ. நான் மெதுவாக வருகிறேன்" என்றார்.

மாலை நான்கு மணி வரை அவருக்கு எடுத்து வைத்த சோறு மேசையில் மூடியே இருந்தது.