அம்பாசிடர் இன்ஜின்: ஆயிலில் தண்ணீர், கடைசியில் மூன்றாவது ஸ்லீவில் பிடிபட்டது

கண்டுபிடித்துவிட்டேன். மூன்று வாரம் தூக்கத்தைக் கெடுத்த கசிவு ஹெட் கேஸ்கட்டில் (இன்ஜின் பிளாக்குக்கும் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் வைக்கும் தகடு) இல்லை.

வண்டி அம்பாசிடர், 1489 சிசி பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பெட்ரோல் இன்ஜின். நான்கு சிலிண்டருக்கும் புது ஸ்லீவ் (சிலிண்டருக்குள் உள்சுவராக இறக்கும் குழாய்) அடித்துச் சேர்த்தது. 140 கிலோமீட்டர் ஓடியதும் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை இழுத்தால் ஆயில் பால் டீ நிறத்தில் வந்தது. ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் மட்டும் வெள்ளையாகப் படிந்திருந்தால் ஈரம் என்று விட்டிருப்பேன். சம்ப் (அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) நட்டைத் தளர்த்தியதும் ஆயிலுக்கு முன்னால் பச்சை நிறக் கூலன்ட் தண்ணீர் அரை டம்ளர் கொட்டியது. வயிறு எரிந்தது.

முதல் சந்தேகம் ராக்கர் (ஹெட் மேல் இருந்து வால்வுகளைத் திறக்கும் நெம்புகோல்கள்) மேல். இந்த இன்ஜினில் ராக்கர் பிராக்கெட்டைப் பிடிக்கும் எட்டு நட்டில் நான்கு, ஹெட்டையும் சேர்த்துப் பிடிக்கின்றன. தண்ணீரை வடிக்காமல், மற்ற ஹெட் நட்டுகளையும் தளர்த்தாமல் ராக்கரை மட்டும் கழற்றினால் ஹெட் கோணித் தண்ணீர் கீழே இறங்கலாம். இதே பி சீரிஸ் இன்ஜின் குடும்பத்து எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் காரின் ஒர்க்‌ஷாப் கையேடே இதைச் சொல்லி எச்சரிக்கிறது. நான் இடையில் ராக்கரைத் தள்ளும் புஷ் ராடு ஒன்றை மாற்ற அப்படித்தான் கழற்றியிருந்தேன். சரி என்று புது கேஸ்கட் போட்டு, ஹெட்டின் அடிப்பரப்பு சமமாக இருக்கிறதா என்றும் பார்த்து, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து முறையாக இறுக்கினேன். இரண்டே நாளில் மறுபடி பால் டீ.

கேஸ்கட் போனதற்கான அறிகுறியும் இல்லை: ரேடியேட்டரில் குமிழி இல்லை, வெள்ளைப் புகை இல்லை, நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் ஒரே அளவு. அப்போதே கேஸ்கட்டை விட்டுவிட்டுக் கீழே பார்த்திருக்க வேண்டும்.

இன்ஜினை இறக்கி ஸ்டாண்டில் ஏற்றி, சம்ப்பைக் கழற்றினேன். பிரஷர் டெஸ்டர் வாங்கவில்லை, செய்துகொண்டேன். மேல் ஹோஸ் வாயில் மரக்கட்டை அடித்துக் கிளிப் போட்டேன். வாட்டர் பம்ப் வாயில் ஒரு துண்டு ஹோஸ், அதன் முனையில் பழைய டியூபிலிருந்து வெட்டிய வால்வு, பக்கத்தில் ஒரு கேஜ். உள்ளே தண்ணீரை நிரப்பிச் சைக்கிள் பம்பால் 10 பிஎஸ்ஐ ஏற்றினேன். கட்டை இரண்டு முறை பிதுங்கி வந்தது. சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டை மேல் சுற்றி அடித்த பிறகுதான் நின்றது. இந்த ஒரு வேலைக்கே ஒரு ஞாயிறு போயிற்று, ஆனால் இதைவிட உருப்படியான கருவி என் ஷெட்டில் இல்லை.

அப்புறம் நான்கு ஸ்லீவின் கீழ் விளிம்பையும் துடைத்து, காற்றடித்துக் காயவைத்து, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினேன். காலையில் கேஜ் 6-க்கு இறங்கியிருந்தது. டார்ச்சோடு அடியில் படுத்துப் பார்த்தால், மூன்றாவது ஸ்லீவில் கேம்ஷாஃப்ட் பக்கம் பவுடர் நனைந்து விரல் அகலத்துக்குப் பழுப்புக் கோடு. மற்ற மூன்றும் வெள்ளை வெளேர்.

நேற்றுப் பட்டறையில் அந்த ஸ்லீவைப் பிடுங்கினோம். பின்னால் பிளாக்கின் பழைய சிலிண்டர் சுவரில் கடுகு அளவு ஓட்டை. வருஷக்கணக்கில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய பிளாக், உள்ளிருந்தே துரு தின்றிருக்கிறது. ஸ்லீவுக்காகக் கடைந்ததில் மிச்சச் சுவரும் மெலிந்து வழி விட்டுவிட்டது. ஸ்லீவ் அடிக்கும் முன்பே பிளாக்கைப் பிரஷர் போட்டுப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். இந்த முறை சீலன்ட் தடவி அடிக்கச் சொல்லியிருக்கிறேன். அடித்ததும் என் கட்டையும் பம்பும் பட்டறைக்கே போகும், டெஸ்ட் முடியாமல் பிளாக்கை எடுக்கமாட்டேன்.

  அடுத்தது பேரிங். பிக் எண்ட் (கனெக்டிங் ராடு கிராங்க் ஷாஃப்டைப் பிடிக்கும் முனை) பேரிங் நான்கையும் கழற்றிப் பார்த்தேன், இரண்டாவதில் மேல்பூச்சு மங்கி நகத்துக்குச் சொரசொரப்பாகத் தட்டுகிறது. கூலன்ட் கலந்த ஆயிலில் ஓடியது, செட்டாகவே மாற்றுகிறேன். அந்த பேரிங்குகளில் சுழலும் கிராங்க் ஜர்னலை நாளை மைக்ரோமீட்டர் வைத்து அளக்க வேண்டும்.