மூன்றாவது பத்தி

"கான்கிரீட் தரக் கட்டுப்பாடு குறித்த அவரது உரை உறுப்பினர்களின் பாராட்டைப் பெற்றது. கேள்வி பதில் நேரம் மிகவும் பயனுள்ளதாக அமைந்தது." எங்கள் பொறியாளர் சங்கக் கிளையின் செப்டம்பர் செய்திமடலில் வந்த இந்த இரண்டு வாக்கியங்களும் நான் எழுதியவை. பக்கத்திலேயே பொன்னாடை போர்த்தும் படம். மடல் உறுப்பினர்கள் கைக்குப் போன அன்று மாலையே, உரையாற்றிய பொறியாளர் தொலைபேசியில் அழைத்தார்.

"சார், நான் எழுதி அனுப்பியதில் மூன்றாவது பத்தி எங்கே?"

"பொறியாளர் தினச் சிறப்பிதழ் இல்லையா மேடம், இடம் நெருக்கடியாகிவிட்டது."

"இடம்தானா காரணம்?"

"அந்தப் பையனையும் நினைத்துப் பார்த்தேன். படிப்பவர்கள் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். அவன் வேலைக்கு உலை வைத்ததாகிவிடும்."

"அவனிடம் கேட்டீர்களா சார்?"

இல்லை என்றேன்.

"நான் கேட்டேன். போடுங்கள் மேடம் என்றான்."

அவர் கோபப்படவில்லை. அடுத்த கூட்டம் என்றைக்கு என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டார். கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி மனத்தை ஆற்றியிருப்பேன்.

அந்தப் பத்தியில் இருந்தது இதுதான். ஒரு கல்யாண மண்டபத்தின் தரைத்தளத் தூண்களுக்கு எம்25 கான்கிரீட், அதாவது இருபத்தெட்டு நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் வலிமை கேட்கும் கலவை. ஆலையில் கலந்த கான்கிரீட்டைக் கொண்டுவரும் ரெடிமிக்ஸ் லாரி வெயிலில், நெரிசலில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்து சேர்ந்தது. கலவை ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதித்தொகுப்பான ஐ.எஸ். 4926 சொல்லும் பொது விதி, அது கடந்துவிட்டிருந்தது. லாரி வந்ததும் சைட் சூப்பர்வைசர் முறைப்படி கியூப் (வலிமையைச் சோதிக்க அச்சில் வார்க்கும் மாதிரிக் கட்டி) எடுத்துவிட்டான். அதன் பிறகுதான் பம்ப் அடைத்துக்கொண்டது. "இந்தக் கெட்டியில் ஏறாது தம்பி" என்று பம்ப் ஆப்பரேட்டர் கையை விரித்துவிட்டார். பொழுது சாய்கிறது, கம்பி கட்டி ஷட்டரிங் அடைத்த தூண்கள் காத்திருக்கின்றன, மேலதிகாரி போனை எடுக்கவில்லை. ஹோஸ் பைப்பை டிரம்முக்குள் விட்டுத் தண்ணீர் சேர்த்தார்கள். கான்கிரீட் வழுக்கிக்கொண்டு ஏறியது; ஆனால் தண்ணீர் கூடினால் வலிமை குறையும். இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் கான்கிரீட்டை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டரையும் ஒழுங்காகப் போடவில்லை.

இருபத்தெட்டு நாள் கியூப் முடிவு 32 வந்தது. அந்தக் கியூபில் எந்தக் குறையும் இல்லை. அது தண்ணீர் சேர்க்கும் முன் இருந்த கான்கிரீட்டின் கியூப், அவ்வளவுதான். ஷட்டரிங் பிரித்தபோது ஆறு தூண்களில் சாவியால் கீறினாலே பொடி உதிர்ந்தது. மேற்பரப்பைத் தட்டி வலிமையைக் கணிக்கும் ரீபவுண்ட் ஹாமரின் எண்கள் குறைவாக வரவே, தூணிலிருந்தே உருளையாகக் கோர் வெட்டிச் சோதித்துப் பார்த்தார்கள். ஐ.எஸ். 456இன்படி கோர்களின் சராசரி கேட்ட வலிமையில் 85 சதவீதமாவது இருக்க வேண்டும், எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. எம்25க்கு அது 21.25, 18.75. இங்கே வந்த சராசரி 17. தூண்களைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டி ஜாக்கெட்டிங் செய்ய வேண்டியதாயிற்று. யாருக்கும் காயமில்லை, மேல்தளம் ஏறும் முன்பே பிடித்துவிட்டார்கள். பிடிக்க முடிந்ததற்குக் காரணம் அந்தச் சூப்பர்வைசர்தான். ஆய்வுக்கு வந்த இந்த அம்மையாரிடம், "இந்த லாரிக்குத்தான் தண்ணீர் விட்டோம் மேடம், இந்தத் தூண்கள்தான்" என்று தானாகவே காட்டிக் கொடுத்தான். டிப்ளமா முடித்து இரண்டு வருடம்கூட ஆகாத பையன்.

உரையில் இதை அவர் சொன்னபோது அரங்கம் அசையவில்லை. அதுவரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்தார்கள். "கியூப் லாரியில் எடுக்கிறீர்களா, பம்ப் முனையில் எடுக்கிறீர்களா?" என்று அவர் கேட்டதற்கு முன் வரிசையில் ஒருவரும் கை தூக்கவில்லை. நான் இந்தக் கிளையில் கேட்ட உரைகளில் இவ்வளவு உபயோகமான பத்து நிமிடம் வேறு இல்லை. அதனால்தான் எழுதித் தரச் சொல்லி நானே கேட்டேன்.

எழுதி வந்ததைப் படித்தபோதுதான் கலக்கம் வந்தது. மண்டபத்தின் பெயர் இல்லை, ஊர்ப் பகுதி இல்லை, யார் பெயரும் இல்லை. ஆனால் திருச்சியில் அந்த அளவு மண்டபம், ஜாக்கெட்டிங் நடப்பது, அந்தச் சமயத்தில் அது ஒன்றுதான். எங்கள் உறுப்பினர்களில் பாதிப்பேர் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறார்கள். அரங்கத்தில் காதால் கேட்டது காற்றோடு போகும். அச்சில் வந்தால் ஒப்பந்ததாரர் மேசையில் போய் உட்காரும். அந்த நிறுவனத்தில் "உண்மையைச் சொன்னாயே, நல்லது" என்று தோளில் தட்டுவார்கள் என்று நம்ப எனக்கு ஓர் ஆதாரமும் இல்லை. பென்சிலால் பத்தியின் ஓரத்தில் கோடு போட்டேன்.

அடுத்த நாள் தலைவர் அழைத்தார். ரெடிமிக்ஸ் நிறுவனத்தார் உரையைப் பற்றிக் கேள்விப்பட்டு வருத்தப்பட்டார்களாம். பின்னட்டை விளம்பரம் அவர்களுடையது. பொறியாளர் தின விருந்துக்கும் அவர்கள்தான் பொறுப்பேற்றிருந்தார்கள். "பார்த்துச் செய்யுங்கள் சார், ஆசிரியர் நீங்கள்தான்" என்று முடித்தார். உத்தரவு போடவில்லை. நானும் "அதை ஏற்கெனவே எடுத்துவிட்டேன்" என்றேன். அவருக்கு நிம்மதி.

கோடு முந்தியது, அழைப்பு பிந்தியது. இதை எத்தனை தடவை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தாலும் வரிசை மாறவில்லை. அப்படியிருக்க, விளம்பரத்துக்காக எடுத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அப்படியோர் அழைப்பு வரும் என்பது பென்சிலைக் கையில் எடுத்தபோதே எனக்குத் தெரியும். தெரிந்திருந்தது கோட்டின் மேல் எவ்வளவு பாரம் ஏற்றியது என்பதை என்னால் பிரித்தெடுக்க முடியவில்லை. பையனுக்காக மட்டும் என்றால், மண்டபத்தைத் தூக்கிவிட்டு "லாரியில் எடுத்த கியூபை மட்டும் நம்பாதீர்கள், தண்ணீர் சேர்த்த லாரியைத் திருப்பி அனுப்புங்கள்" என்று மூன்று வரியாவது போட்டிருக்கலாமே என்று ஒரு மனம் கேட்கிறது. போட்டிருந்தால், உரையைக் கேட்டவர்கள் மீதியைத் தாங்களே நிரப்பிக்கொண்டிருப்பார்கள் என்று இன்னொரு மனம் பதில் சொல்கிறது. இரண்டுமே சரியாகத்தான் படுகின்றன.

"போடுங்கள்" என்று அவன் சொன்னதற்கு என்ன மதிப்பு என்பதிலும் நான் இன்னும் தெளிவடையவில்லை. தன் முன்னால் உட்கார்ந்து, தன்னை நேர்மையானவன் என்று பாராட்டும் மூத்த பொறியாளரிடம் இருபத்து மூன்று வயதுப் பையன் வேறு என்ன சொல்வான்? அதன் விலை அவனுக்குத் தெரியுமா? தெரியாது என்று முடிவுகட்ட நான் யார் என்பதும் நியாயமான கேள்விதான். தூண்களைக் காட்டிக் கொடுத்தபோதே அவன் விலையை யோசித்திருக்கக் கூடும். ஒருவேளை, அன்று மேலதிகாரி போனை எடுக்கவில்லை என்பது எங்காவது அச்சில் பதிவாக வேண்டும் என்று அவன் விரும்பியிருக்கலாம். அதைத்தான் நான் எடுத்துவிட்டேனோ என்னவோ.

2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் போனபோது, எங்கள் கிளைக் கூட்டத்தில் நிற்க இடமில்லை. ஆர்தர் காட்டன் 1830களில் கட்டியது. ஆற்றுப்படுகை அரிப்பு, அடித்தளம், பராமரிப்பு என்று ஆளாளுக்குப் பேசினார்கள். மடலில் பக்கம் பக்கமாக வந்தது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. 2014 ஜூனில் மவுலிவாக்கத்தில் பதினோரு மாடி விழுந்து 61 பேர் மாண்டதைப் பற்றியும் அப்படித்தான் பேசினோம். கட்டியவர் இறந்து நூறாண்டு கழிந்திருந்தால் பேசலாம். ஆட்கள் இறந்து விசாரணை ஆணையம் வந்துவிட்டால் பேசலாம். யாரும் சாகாமல், ஒரு பையன் வாய் திறந்ததால் தப்பித்த கட்டடத்தைப் பற்றி மட்டும் பேச எங்களிடம் பக்கம் இல்லை. நாளைக்கு இன்னொரு சைட்டில் பம்ப் அடைத்துக்கொள்ளும்போது, நிற்கிற பையனுக்கு உதவப்போவது இந்த மூன்றாவது வகைதான். இதை நான் உறுதியாக நம்புகிறேன். நம்பிக்கொண்டேதான் எடுத்தேன்.

பிரிட்டனில் 2005 முதல் கிராஸ் என்றொரு ஏற்பாடு இருக்கிறது. கட்டமைப்புப் பொறியாளர்கள் தாங்கள் கண்ட குறைகளை ரகசியமாக எழுதி அனுப்பலாம்; ஆள், நிறுவனம், கட்டடம் எல்லாவற்றையும் நீக்கி நிபுணர் குறிப்போடு வெளியிடுகிறார்கள். அதற்கு வெகு முன்பே, 1976இலிருந்து, அமெரிக்காவில் விமானிகளுக்காக நாசா இதைச் செய்துவருகிறது. நம் ஊரிலும் செய்யலாமே என்று செயற்குழுவில் பேசினேன். எல்லோரும் தலையசைத்தார்கள். சிக்கல் அளவில்தான் இருக்கிறது. ஒரு நாடு முழுவதற்கும் என்றால் பெயரை எடுத்தால் ஆள் மறைந்துவிடுவார். ஒரு நகரத்துக்குள் மறைய மாட்டார். தமிழ்நாட்டுக் கிளைகள் எல்லாம் சேர்ந்து ஒரே தொகுப்பாக வெளியிட்டால்தான் அது பாதுகாப்பு. மற்றக் கிளைகளுக்கு எழுதியிருக்கிறோம்.

பாதுகாப்பு என்ற சொல்லைக்கூட யோசித்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. தொழில் செய்யும் உரிமையைத் தரவும் பறிக்கவும் வழக்கறிஞர்களுக்கு 1961 சட்டம் உண்டு, கட்டடக் கலைஞர்களுக்கு 1972 சட்டம் உண்டு. பொறியாளர்களுக்கு அப்படி நாடு தழுவிய ஒரு சட்டம் இன்றுவரை இல்லை. தவறு செய்த பொறியாளர் மீது எங்கள் சங்கம் நடவடிக்கை எடுத்தாலும் அவர் தொழிலைத் தொடரலாம். உண்மை சொன்ன சூப்பர்வைசரை வீட்டுக்கு அனுப்பினால் எங்களால் ஒரு கடிதம் எழுத முடியும், அவ்வளவுதான். அந்தக் கடிதத்தை எழுதவாவது தயாராக இருந்துகொண்டு பத்தியைப் போட்டிருக்கலாம் என்று சில நாள் தோன்றும். கடிதத்தை நம்பி ஒருவன் சம்பளத்தைப் பணயம் வைக்கலாமா என்று வேறு சில நாள்.

தொகுப்பு வரும்போது உங்கள் மண்டபத்தை முதலில் போடுகிறேன் என்று அந்த அம்மையாரிடம் சொன்னேன். இரண்டு நிபந்தனை வைத்தார்: அச்சுக்குப் போகும் முன் எந்தக் கிளைத் தலைவரும் படிக்கக் கூடாது, நான் ஒரு சொல்லையும் எடுக்கக் கூடாது. முதலாவதை ஒப்புக்கொண்டேன். இரண்டாவதை ஒப்புக்கொள்ள முடியாது என்றேன். யாருக்காவது கேடு வரும் என்று பட்டால் மறுபடியும் எடுப்பேன் என்றேன்.

"அவர்களைக் கேட்டுவிட்டு எடுங்கள்" என்றார்.

"கேட்டு, அவர்கள் போடச் சொன்ன பிறகும் எனக்குப் பயமாக இருந்தால்?"

அதற்கு அவரும் சட்டென்று பதில் சொல்லவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.