நூறு நாள் கூலியும் பட்ஜெட்டில் ஒரு வரியும்

பிப்ரவரி 1 அன்று மத்திய பட்ஜெட் வந்ததும் எல்லா டிவியிலும் வருமான வரி வரம்பு பற்றித்தான் பேச்சு ஓடும். நான் பல வருஷமாக அன்றைக்குத் தேடிப் படிப்பது ஊரக வளர்ச்சித் துறையின் செலவுக் கணக்கில் ஒரே ஒரு வரி, நூறு நாள் வேலைக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது. அந்த வரியில் ஒரு எண்ணை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. முதலில் ஒதுக்கிய தொகை, பாதி வருஷம் போன பிறகு திருத்திய தொகை, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் வெளியே வரும்.

2020-21இல் முதலில் ஒதுக்கியது 61,500 கோடி, கொரோனாவில் ஊர் திரும்பியவர்கள் எல்லாம் வேலை கேட்டதால் அது 1,11,500 கோடி ஆனது. சரி, அது விதிவிலக்கான வருஷம். ஆனால் அடுத்த வருஷமும் 73,000 கோடி என்று ஆரம்பித்து 98,000 கோடியில் போய் நின்றது. 2022-23இல் திரும்பவும் அதே 73,000, அது 89,400 ஆனது. 2023-24இல் 60,000 கோடியாகக் குறைத்தார்கள், கடைசியில் 86,000 கோடி தேவைப்பட்டது. மூன்று நான்கு வருஷம் தொடர்ந்து இப்படி நடந்தால் அதைக் கணிப்பில் வந்த பிழை என்று என்னால் ஏற்க முடியவில்லை. தேவை எவ்வளவு என்று தெரிந்தே குறைத்து எழுதுகிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். அப்படி எழுதுவதால் யாருக்கு என்ன ஆகிறது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

நூறு நாள் வேலைக்காக 2005இல் வந்த தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் தெளிவானது. ஊரகக் குடும்பம் ஒன்று வேலை கேட்டால் 15 நாளுக்குள் வேலை தர வேண்டும், வருஷத்துக்கு 100 நாள் வரை. தரவில்லை என்றால் வேலையில்லாப் படி தர வேண்டும். செய்த வேலைக்குக் கூலி 15 நாளுக்குள் வர வேண்டும். நிதி இருந்தால்தான் வேலை தருவோம் என்ற நிபந்தனை அதில் கிடையாது. ஆனால் பணம் பட்ஜெட்டில் இருந்துதானே வர வேண்டும், அங்கே குறைத்து எழுதிவிட்டால், போன வருஷ பாக்கியை அடைத்தது போக மிச்சம் இருப்பது கார்த்திகை மார்கழிக்குள் தீர்ந்துவிடுகிறது. அப்புறம் நடப்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். வேலை கேட்டுப் போனால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்பார்கள், ஏற்கெனவே ஏரியில் மண் வெட்டியவர்களுக்குக் கூலி ஏறாது, பேங்க் வாசலில் பாஸ்புக்கை வைத்துக்கொண்டு பெண்கள் வந்து வந்து திரும்புவார்கள்.

தமிழ்நாட்டில் 2024 நவம்பர் கடைசியிலிருந்து நடந்தது இதுதான். பொங்கல் வந்து போனது, கூலி வரவில்லை. 2025 மார்ச் மாதத்தில் மத்திய அரசிடமிருந்து வர வேண்டிய பாக்கி 4,034 கோடி என்று மாநில அரசு கணக்குச் சொன்னது. அது அரசியல் சண்டையாக மாறி, யார் யாரைக் குற்றம் சொன்னார்கள் என்பதே செய்தியானது. நான்கு மாதம் கூலி இல்லாமல் ஒரு வீடு எப்படி ஓடியது என்று கேட்டவர்கள் குறைவு. குழுக் கடன் தவணைக்கு வாராவாரம் ஆள் வந்து நிற்கும் ஊர்களில், வராத கூலிக்கும் வட்டி கட்டுவது அந்தப் பெண்கள்தான்.

தாமதத்துக்கு இழப்பீடு உண்டே என்று கேட்கலாம். உண்டு. 16ஆம் நாளிலிருந்து, பாக்கிக் கூலியில் ஒரு நாளைக்கு 0.05 சதவீதம். தமிழ்நாட்டில் 2025-26க்கு நாள் கூலி 336 ரூபாய், ஒருவர் ஆறு நாள் வேலை செய்தால் 2,016 ரூபாய். அதற்கு இழப்பீடு நாளைக்கு ஒரு ரூபாய் வருகிறது. ஒரு மாதம் தாமதமானால் முப்பது ரூபாய். அதுவும் யாருக்காவது ஒழுங்காகக் கிடைத்ததா என்றால் அதற்குள்ளே இன்னொரு கதை இருக்கிறது, ஆய்வு என்பது எதற்குப் பயன்படும் என்று எனக்குப் புரியவைத்ததே அதுதான்.

கூலி இரண்டு கட்டமாக வருகிறது. முதல் கட்டத்தில் ஊராட்சி ஒன்றிய அளவில் வருகைப் பதிவேட்டைச் சரிபார்த்து, கணினியில் ஏற்றி, பணம் அனுப்பும் ஆணையில் கையெழுத்துப் போடுவார்கள். இரண்டாவது கட்டத்தில் அந்த ஆணையின்படி மத்திய அரசு தொழிலாளியின் கணக்கில் பணம் போட வேண்டும். அரசின் இணையதளம் முதல் கட்டத் தாமதத்தை மட்டும் கணக்கில் எடுத்து, இரண்டாம் கட்டத்தை விட்டுவிட்டது. ராஜேந்திரன் நாராயணன், சகினா தோராஜிவாலா, ராஜேஷ் கோலானி என்ற ஆய்வாளர்கள் அதே அரசு தளத்தில் இருந்தே 10 மாநிலங்களின் 90 லட்சத்துக்கும் மேற்பட்ட கூலிப் பரிவர்த்தனைகளை எடுத்து ஒவ்வொன்றுக்கும் முழு நாள்களைக் கணக்கிட்டார்கள். 2016-17இல் 21 சதவீதக் கூலிதான் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்று தெரிந்தது. தாமதத்தின் பெரும்பகுதி டெல்லியில், அதற்கு இழப்பீட்டுக் கணக்கே போடப்படவில்லை. இந்த விவரம் ஸ்வராஜ் அபியான் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2018 மே மாதம் நீதிமன்றம் இரண்டாம் கட்டத் தாமதத்துக்கும் இழப்பீடு உண்டு என்று சொன்னது. தாமதத்துக்கு ஊராட்சிச் செயலரையும் பணித்தளப் பொறுப்பாளரையும் மட்டுமே திட்டிக்கொண்டிருந்த நமக்கு, பணம் எங்கே நிற்கிறது என்று காட்டியது அந்த வேலை. எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் இது பட்டதாரிகள் மட்டும் செய்யும் வேலை என்று நினைக்க வேண்டாம். இந்தச் சட்டத்துக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கும் பாதை போட்டதில் ராஜஸ்தான் கிராமத்துக் கூலிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் அங்கே கிராமத்து மக்களோடு சேர்ந்து 1990 மே தினத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பைத் தொடங்கினார்கள். குறைந்தபட்சக் கூலி கேட்டபோது, 'நீ வேலையே செய்யவில்லை, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது' என்ற பதில்தான் வந்தது. அப்படியானால் பதிவேட்டைக் காட்டு என்றார்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணையைக் கூட்டி, பதிவேட்டில் இருந்த பெயர்களை ஊர் நடுவே சத்தமாக வாசித்தார்கள். இப்படி அடுத்தடுத்து நடந்த விசாரணைகளில் வேலைக்கே போகாதவர்களின் பெயர், செத்துப்போனவர்களின் பெயர், கட்டாத கட்டடத்தின் பில் எல்லாம் வெளியே வந்தன. 1996இல் பியாவர் நகரத்தில் 40 நாள் தர்ணா. 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்பதுதான் முழக்கம். அந்த விசாரணைகளின் வழிவந்ததுதான் வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, அதாவது கிராம சபையே செய்யும் சமூகத் தணிக்கை.

நம் ஊர் கிராம சபைகளில் இதை அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். தீர்மானம் வேகமாக வாசிக்கப்படும், கையெழுத்து வாங்குவார்கள், டீ வரும். பெயர் பெயராக வாசித்தால் நேரம் ஆகும்தான், ஆகட்டும்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்துக்குப் பதிலாக விபி ஜி ராம் ஜி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் புது ஊரக வேலைச் சட்டத்தை நிறைவேற்றிய பிறகு எனக்கு இது இன்னும் அவசரமாகப் படுகிறது. 100 நாள் 125 ஆகிறது என்பது தலைப்புச் செய்தியில் வந்தது. பணத்தைப் பற்றிய பகுதி வரவில்லை. முன்பு உடலுழைப்புக் கூலி முழுவதையும் மத்திய அரசு தந்தது. இனி தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் செலவில் 40 சதவீதம் போட வேண்டும். எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்று மத்திய அரசு ஒரு வரம்பு வைக்கும், அதற்கு மேல் போனால் முழுவதும் மாநிலத்தின் தலையில். விதைப்பு, அறுவடைக் காலத்தில் 60 நாள் வேலை நிறுத்தப்படும். அந்த 60 நாளில் நிலமில்லாதவர் எல்லோருக்கும் வயல் வேலை கிடைத்துவிடும் என்பது, நாற்று நடவே மெஷினுக்குப் போய்க்கொண்டிருக்கும் காலத்தில், கொஞ்சமும் நம்பக்கூடியதாக இல்லை.

ஆக டெல்லி பட்ஜெட்டை மட்டும் பார்த்தால் போதாது, சென்னை பட்ஜெட்டையும் பார்க்க வேண்டும். ஊரக வளர்ச்சித் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே வருகிறது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பத்தாவது படித்தவர் யாரும் அதைப் படித்துப் புரிந்துகொள்ளலாம். மே 1 கிராம சபைக்குப் போகிறவர்கள் மூன்று விவரங்களை எழுத்தில் கேளுங்கள். போன வருஷம் நம் ஊராட்சியில் எத்தனை குடும்பம் வேலை கேட்டது, எத்தனை குடும்பத்துக்குக் கொடுத்தீர்கள், எத்தனை நாள் கூலி இன்னும் பாக்கி. பதில் இல்லை என்றால் 'பதில் தரப்படவில்லை' என்பதையே தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். கிடைத்த பதில்களைக் கீழே கருத்துப் பகுதியில் போட்டால், பக்கத்துப் பக்கத்து ஊராட்சிகளை ஒப்பிட்டு ஒரு பட்டியல் தயாரிக்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.