டாகோ மாகோவின் நான்கு பக்கங்களும் வேண்டும்

ஜெர்மன் ராக் குழுவான கேனின் 'டாகோ மாகோ' ஆல்பம் பற்றிப் பேச்செடுத்தால் என் நண்பன் சொல்வது ஒன்றுதான்: "முதல் தட்டு போதும்டா, இரண்டாவதைத் தூக்கிப் போடு." எங்கள் மெல்லிசைக் குழுவில் அவன் பாஸ் கிட்டார், நான் ட்ரம்ஸ். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்கு ஒத்துப்போவதே இல்லை.

1971இல் வந்த இரட்டை இசைத்தட்டு அது, தட்டுக்கு இரண்டு பக்கமாக நான்கு பக்கங்கள். ஜெர்மனியில் கொலோன் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் நோர்வெனிக் மாளிகையில், கலைப்பொருள் சேகரிக்கும் ஒருவர் அவர்களுக்கு வாடகையில்லாமல் இடம் கொடுத்திருந்தார். அங்கே நீளநீளமாக வாசித்ததை இரண்டே ஒலித்தடங்களில் பதிவு செய்தார்கள். பாஸ் வாசித்த ஹோல்கர் சூகாய் அந்த டேப்புகளை வெட்டி ஒட்டிப் பாட்டாக்கினார். அவரும் கீபோர்டு வாசித்த இர்மின் ஷ்மிட்டும் ஜெர்மன் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனிடம் படித்தவர்கள். பாடகர் டாமோ சுசுகியோ மியூனிக் தெருவில் பாடிக்கொண்டிருந்த ஜப்பானிய இளைஞர். பார்த்த அன்று இரவே மேடையேற்றிவிட்டார்கள்!

எனக்கு இந்த ஆல்பம் என்றால் ட்ரம்மர் ஜாக்கி லீபட்சைட்தான். 'ஹாலலூவா' 18 நிமிடத்துக்கும் மேல் ஓடும், இரண்டாவது பக்கம் முழுக்க அதுதான். மேலே கிட்டாரும் கீபோர்டும் டாமோவின் முணுமுணுப்பும் வந்து வந்து போகும். கீழே அந்தத் தாளக்கட்டு அசையாது. இத்தனைக்கும் அவர் ஃப்ரீ ஜாஸிலிருந்து வந்தவர். சீரான தாளத்தையே உதறிவிட்டு வாசிக்கும் இசை அது. அதையெல்லாம் வாசித்த மனிதர் ஒரே கட்டில் இப்படி நிலைத்து நிற்கிறார். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கூடவே வாசித்துப் பார்த்தால்தான் இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். கச்சேரியில் சரணத்துக்கு முன்னால் ஒரு ரோல் போட்டே பழகிய கை, சும்மா இருக்காமல் துடிக்கும். பரிசோதனை இசை என்றாலே கன்னாபின்னாவென்று சத்தம் போடுவது என்று நினைக்கிறார்கள். இந்த ஆல்பத்தின் பெரிய பரிசோதனை ஹாலலூவாவின் பொறுமைதான் என்பேன்.

சரி, நண்பன் தூக்கிப் போடச் சொல்லும் தட்டுக்கு வருவோம். மூன்றாவது பக்கம் 'ஆம்ன்'. பிடித்துக்கொள்ளத் தாளமே கிடையாது. ஷ்மிட்டின் குரல் இழுபட்டு, எதிரொலித்து, பயமுறுத்தும். கடைசியில் ட்ரம்ஸ் வெறிபிடித்தது போல் எழும். "இதையெல்லாம் யார் கேட்பார்கள்?" என்பான் அவன். ஹாலலூவாவின் தாளம் உடம்பில் ஊறிய பிறகு கேள் என்பேன் நான். காலுக்குக் கீழே தரையை உருவிவிட்ட மாதிரி இருக்கும், அதற்காகத்தான் அது அங்கே இருக்கிறது.

நான்காவது பக்கத்தில் வரும் 'பீக்கிங் ஓ' இன்னும் கிறுக்கு. அதில் டாமோ கத்துவது எனக்கே கொஞ்சம் அதிகம்தான். அப்புறம் 'பிரிங் மீ காஃபி ஆர் டீ' வரும். அடங்கிய குரல், நிதானமான கிட்டார். அந்தப் பாட்டின் இதம் முன்னால் பட்ட பாட்டிலிருந்து வருகிறது. நேராக அங்கே தாவிப் போனால் சாதாரணப் பாட்டாகத்தான் கேட்கும். நண்பனுக்கு அப்படித்தான் கேட்கிறதாம்.