41-ஆம் நாள் தாக்கல், எட்டாம் ஆண்டில் தீர்ப்பு

2015 மார்ச்சில் செஷன்ஸ் நீதிமன்றம் என் அண்ணனுக்குக் கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 60 நாள் அவகாசம் உண்டு. நாங்கள் 41-ஆம் நாளே மனுவைத் தாக்கல் செய்தோம். முந்திக்கொண்டால் வழக்கும் முந்தி முடியும் என்று நம்பினேன். தீர்ப்பு வந்தது 2022 ஜூலையில்.

அத்தனை ஆண்டுகளில் இரு தரப்பும் வாதாடியது மொத்தம் ஒன்றரை நாள். மற்றதெல்லாம் காகிதமும் வரிசையும்தான். குறைகளைச் சுட்டிக்காட்டி மனுவை இருமுறை திருப்பினார்கள். அதற்கு எண் கிடைத்த பிறகு, கீழமை நீதிமன்றத்திலிருந்து சாட்சியங்களும் சான்றாவணங்களும் வர வேண்டியிருந்தது. வந்த ஆவணக் கட்டில் ஒரு சாட்சியின் குறுக்கு விசாரணைப் பக்கங்கள் இல்லை! எங்கள் வாதமே அந்தப் பக்கங்களை நம்பித்தான் இருந்தது. அவை வந்து சேர ஏழு மாதம் ஆயிற்று. அப்புறம் எல்லாவற்றையும் தட்டச்சு செய்து தொகுப்பாக்கி, இரண்டு நீதிபதிகளுக்கும் அரசுத் தரப்புக்கும் கொடுத்தோம். பட்டியலில் வழக்கு வரும். மாலை வரை எங்கள் எண்ணை எட்டாது. வழக்கைக் கேட்கும் நீதிபதிகளின் அமர்வு மாறும், மறுபடி காத்திருப்போம்.

இந்த நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்வேன்: மேல்முறையீட்டோடு, தண்டனையை நிறுத்திவைத்துப் பிணை கேட்கும் மனுவையும் உயிராகக் கவனியுங்கள். எங்கள் முதல் மனு தள்ளுபடியானது. அன்றிரவு அம்மா சாப்பிடவில்லை. இரண்டு ஆண்டு கழித்துப் போட்ட இரண்டாவது மனுவில், 1977-இல் காஷ்மீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எங்கள் வழக்கறிஞர் எடுத்துவைத்தார். மேல்முறையீட்டைப் பல ஆண்டுகள் விசாரிக்க முடியாத நிலையில், மேல்முறையீடு செய்தவரைச் சிறையிலேயே வைத்திருப்பது நீதியாகாது என்பதே அதன் சாரம். 2017 ஜூனில் அண்ணன் வெளியே வந்தார். வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று யாரும் நாளைக் கடத்த வேண்டாம். சிறையில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமையை 1987-ஆம் ஆண்டுச் சட்டமே தருகிறது.

2022 பிப்ரவரியில் வாதம் முடிந்து, தீர்ப்பைத் தள்ளிவைத்தார்கள். மூன்று மாதம் கடந்தும் தீர்ப்பு வராவிட்டால் விரைவுபடுத்தக் கோரி மனுச் செய்யலாம் என்று 2001-இலேயே உச்ச நீதிமன்றம் வழிசெய்திருக்கிறது. அம்மா வேண்டாமென்றார். நீதிபதிகளை அவசரப்படுத்த அவருக்குப் பயம்.

கொலைக் குற்றம் நிலைக்கவில்லை. கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாக மாற்றி, தண்டனையை ஐந்து ஆண்டாகக் குறைத்தார்கள். விசாரணைக் காலத்தையும் சேர்த்து அண்ணன் இரண்டரை ஆண்டு கழித்திருந்தார். மீதி இரண்டரை ஆண்டுக்கு அவர் திரும்பப் போக வேண்டும். உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக்குச் சிறப்பு அனுமதி கேட்க 90 நாள் இருந்தது. இன்னொரு வரிசையில் நிற்கத் தன்னால் முடியாது என்றார். முதல்முறை அவர் சிறைக்குப் போனபோது அவருடைய மகளுக்கு ஒரு வயது. அப்பா எங்கே என்று கேட்கத் தெரியாது. சரணடையும் நாளில் அவள் மூன்றாம் வகுப்பில் இருந்தாள். எத்தனை நாள் என்று அவளே கணக்குப் போட்டுக் கேட்டாள்.